துளையின் அளவும் ஓய்வின் அளவும்

1

கருப்பையை எடுத்துவிடலாம் என்று முடிவான பிறகு, எந்த வழியில் எடுப்பது என்ற கேள்வி வருகிறது. அடிவயிற்றைக் கிழித்துத் திறந்து எடுப்பது ஒரு வழி. வயிற்றைத் தொடாமல் யோனி வழியாக எடுப்பது இன்னொன்று. வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகளிட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி உப்பவைத்து, உள்ளே கேமராவை விட்டுத் திரையைப் பார்த்தபடி எடுக்கும் லேப்ராஸ்கோப்பி மூன்றாவது. அதையே ரோபோவின் கைகளைக் கொண்டு செய்வது நான்காவது. நம் பெண்கள் இவற்றை 'ஓப்பன்', 'கீழ் வழியா', 'ஹோல் போட்டு' என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ரோபோவுக்கு இன்னும் வீட்டுப் பெயர் அமையவில்லை.

இவற்றில் எது மேல் என்று ஒப்பிடும் ஆய்வுகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டுவருகின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இரண்டு: மீட்சி, திருப்தி. அறுவைக்குப் பின் எத்தனை நாளில் மீண்டாள், எவ்வளவு திருப்தியடைந்தாள் என்பவையே வழியின் நன்மை தீமைக்கு அளவுகோல்கள். நான் மருத்துவம் படித்தவள் அல்லள். ஒரு பிரதியில் பேசுவது யார், யாரிடம் பேசப்படுகிறது, எது பேசாமல் விடப்படுகிறது என்று கேட்கப் பழகியவள். பெண்ணுடலைப் பற்றி எழுதப்படும் எல்லாப் பிரதிகளையும் அப்படி வாசிக்கலாம் என்றால், மருத்துவ ஆய்வுக்கு மட்டும் விலக்குத் தர வேண்டியதில்லை.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லேப்ராஸ்கோப்பி கூடாது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. தேவைப்பட்ட இடத்தில் அது வலியைக் குறைத்திருக்கிறது, மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் நாட்களைக் குறைத்திருக்கிறது. அந்த நன்மை எப்படி அளக்கப்படுகிறது, அளந்தவுடன் யார் கைக்குப் போகிறது என்பதே கேள்வி.

2

முதலில் ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். 2015-இல் வந்த காக்ரேன் மீளாய்வு, புற்றுநோயல்லாத காரணங்களுக்காகக் கருப்பை அகற்றப்பட்ட 5,102 பெண்கள் பங்கேற்ற 47 ஆய்வுகளைத் தொகுத்தது. வயிற்றைத் திறந்து செய்துகொண்டவர்களைவிட லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர்கள் சராசரியாக 13.6 நாள் முன்னதாக இயல்பு நடவடிக்கைக்குத் திரும்பினார்கள். யோனி வழியில் செய்துகொண்டவர்கள் 9.5 நாள் முன்னதாகத் திரும்பினார்கள். அதே சமயம், சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க்குழாயிலோ காயம் ஏற்படும் வாய்ப்பு திறந்த அறுவையைவிட லேப்ராஸ்கோப்பியில் இரு மடங்குக்கு மேல் இருந்தது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மீளாய்வு முன்னிறுத்தியது யோனி வழியைத்தான். அது இயலாத இடத்தில் லேப்ராஸ்கோப்பி உதவும் என்றது.

2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த 'எவால்யூயேட்' ஆய்வும் இதையொட்டியது. லேப்ராஸ்கோப்பியையும் திறந்த அறுவையையும் ஒப்பிட்ட அதன் பகுதியில் 876 பெண்கள் இருந்தார்கள். லேப்ராஸ்கோப்பியில் வலி குறைவு, மீட்சி விரைவு, முதல் சில வாரங்களின் வாழ்க்கைத்தரம் மேல். ஆனால் பெரிய சிக்கல்கள் அதில் 11.1 சதவீதம், திறந்த அறுவையில் 6.2 சதவீதம். இந்த இருபதாண்டுகளில் மருத்துவர்களின் கைப்பழக்கம் கூடியிருக்கிறது, ஆகவே அந்த எண்களை இன்றைய அறுவைக்கு அப்படியே பொருத்துவது நியாயமில்லை. கவனிக்க வேண்டியது அந்த முடிவின் வடிவத்தை. விரைந்த மீட்சியும் கூடுதல் ஆபத்தும் ஒரே வழியில் சேர்ந்து வர முடியும். 'மீட்சி' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் இரண்டாவது பாதி கண்ணில் படாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆய்வுகள் முன்னிறுத்தும் யோனி வழிக்கு கேமரா வேண்டாம், ரோபோ வேண்டாம், வயிற்றில் தழும்பும் இல்லை. அமெரிக்க மகப்பேறு, மகளிர் மருத்துவர் கல்லூரியும் இயலும்போதெல்லாம் அதையே தேர்ந்துகொள்ளச் சொல்கிறது. ஆனாலும் விளம்பரப் பலகைகளில் அதைப் பார்ப்பது அரிது. அமெரிக்காவில் 2013-இல் வெளியான, 2,64,758 பெண்களின் பதிவுகளைக் கொண்ட ஓர் ஆய்வு சொல்வது இது: 2007-இல் கருப்பை அகற்றல்களில் 0.5 சதவீதமாக இருந்த ரோபோ வழி, 2010-இல் 9.5 சதவீதமானது. லேப்ராஸ்கோப்பியோடு ஒப்பிடும்போது சிக்கல்கள் ஏறக்குறைய சமம். செலவு மட்டும் ஒவ்வொருவருக்கும் இரண்டாயிரம் டாலருக்கு மேல் கூடுதல். பெண்ணின் மீட்சிக்குப் புதிதாக எதையும் தராத ஒரு வழி மூன்றே ஆண்டில் இவ்வளவு பரவியது என்றால், பரவலுக்குக் காரணத்தை அவள் உடலுக்கு வெளியேதான் தேட வேண்டும்.

3

இனி 'மீட்சி'. எதிலிருந்து மீள்வது என்பது தெரிகிறது. எதற்கு மீள்வது?

ஆய்வுகள் 'இயல்பு நடவடிக்கைக்குத் திரும்புதல்' என்கின்றன. இயல்பு என்று கொள்ளப்படும் வாழ்க்கை எது என்பதை அவை பெரும்பாலும் விளக்குவதில்லை. 1996-இல் லான்செட்டில் வெளியான ஷெஃபீல்டு ஆய்வு ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது பித்தப்பை அறுவை பற்றியது. பித்தக்கல் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் என்பதால் அதுவும் நம்முடைய கதைதான். 200 பேர் இரு பிரிவுகளாயினர். ஒரு பிரிவுக்கு லேப்ராஸ்கோப்பி, மற்றதற்குச் சிறிய கீறல். அறுவை முடிந்ததும் எல்லோர் வயிற்றிலும் ஒரே மாதிரியான கட்டு போடப்பட்டது. எந்த நோயாளிக்கு எந்த வழியில் நடந்தது என்று அவரைக் கவனித்துக்கொண்டவர்களுக்குத் தெரியாது. விளைவு: மருத்துவமனையில் தங்கிய இரவுகள் இரு பிரிவிலும் இடைநிலையாக மூன்று. முழு நடமாட்டத்துக்குத் திரும்ப இரு பிரிவுக்கும் மூன்று வாரம். லேப்ராஸ்கோப்பிக்கு அறுவை நேரம் மட்டும் கூடுதல்.

கட்டைப் போட்டு மறைத்ததும் வேறுபாடு கரைந்துபோனது. விரைந்த மீட்சியில் ஒரு பங்கு துளையினுடையது, இன்னொரு பங்கு எதிர்பார்ப்பினுடையது என்று இதை வாசிக்கலாம். 'ஹோல் ஆபரேஷன்தானே, நாளைக்கே எழுந்துருவீங்க' என்று சொல்லப்பட்டவள் எழுந்துகொள்கிறாள். 'பெரிய ஆபரேஷன், அசையாதீங்க' என்று சொல்லப்பட்டவள் படுத்திருக்கிறாள். மருத்துவரும் செவிலியரும் அதே நம்பிக்கையில்தான் வீட்டுக்கு அனுப்பும் நாளைக் குறிக்கிறார்கள்.

அந்த ஆய்வில் மற்றோர் அளவுகோலும் உண்டு: வேலையில் இருப்பவர்கள் வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்ட வாரங்கள். லேப்ராஸ்கோப்பிக்கு ஐந்து, சிறு கீறலுக்கு நான்கு. வேலையில் இருப்பவர்கள் என்றால் சம்பளம் வாங்குபவர்கள். வீட்டில் வேலை செய்யும் பெண் எந்த வாரம் வேலைக்குத் திரும்பினாள் என்ற கேள்விக்கு இந்த அளவுகோலில் இடமில்லை, அவள் வேலையில் 'இருப்பவளாகவே' கணக்கில் வரவில்லை. கேரள அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்குக் கருப்பை அகற்றலுக்கென 45 நாள் விடுப்பு உண்டு. அடுப்படிக்கு விடுப்பு விதி எதுவும் எழுதப்பட்டதில்லை.

நம் வீடுகளில் 'இயல்பு நடவடிக்கை' என்பது என்ன? தண்ணீர்க் குடம் தூக்குவது. கிரைண்டரிலிருந்து மாவு வழித்து, கல்லைக் கழற்றிக் கழுவுவது. சிலிண்டரை உருட்டி இடம் மாற்றுவது. நனைந்த போர்வையைப் பிழிந்து மொட்டை மாடிக்கு எடுத்துப்போவது. படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் போடுவது. நின்றுகொண்டே பேருந்தில் ஒரு மணி நேரம் போவது. 13.6 நாள் முன்னதாகத் திரும்பினாள் என்ற எண், இந்த வேலைகளில் எதற்குத் திரும்பினாள் என்று சொல்வதில்லை. அவள் விரும்பித் திரும்பினாளா, வேறு ஆளில்லாமல் திரும்பினாளா என்பதும் அந்த எண்ணில் இல்லை. இரண்டும் ஒரே மாதிரி 'விரைந்த மீட்சி' என்றே பதிவாகும்.

4

திறந்த அறுவையின் தழும்பு பெண்ணுக்கு ஒரு சான்றிதழாகவும் இருந்தது என்பதை நாம் பேசுவதில்லை. வயிற்றில் ஒரு சாண் தையல் இருக்கும்போது 'பச்சை உடம்பு' என்று வீடு ஒப்புக்கொண்டது. அம்மா வந்து இருந்தாள், அல்லது தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் வெயிட் தூக்காதே என்றார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பல பெண்களின் வாழ்வில் கிடைத்த ஒரே நீண்ட ஓய்வு அதுதான். அந்த ஓய்வைப் பெற வயிறு கிழிபட வேண்டியிருந்தது என்பது கொடுமை. அந்தக் கொடுமையைத் தொழில்நுட்பம் குறைத்தது நல்லதே. ஆனால் கிழிசல் சிறியதானபோது ஓய்வும் கூடவே சிறியதாகிவிட்டது.

கல்லூரி ஆசிரியர் அறையில், அலுவலகங்களில், உறவுக்காரக் கல்யாணங்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு: 'சின்ன ஓட்டைதானே, பத்தே நாள்ல சரியாயிரும்.' சொல்பவர்களில் பெண்களும் உண்டு. வெளியே தெரியும் துளை ஐந்து மில்லிமீட்டரோ பத்து மில்லிமீட்டரோ இருக்கலாம். உள்ளே அகற்றப்பட்டது அதே கருப்பைதான். அதைத் தாங்கி நின்ற தசைநார்களும் இரத்தக் குழாய்களும் துண்டிக்கப்பட்டது அதேபோலத்தான். யோனியின் மேல்முனையில் போட்ட தையல் ஆற எந்த வழியானாலும் வாரக்கணக்கில் ஆகும். அந்தத் தையல் பிரிந்துபோவது அரிது, ஆனால் மற்ற இரு வழிகளைவிட லேப்ராஸ்கோப்பியிலும் ரோபோ வழியிலும் அது அதிகம் நேர்கிறது. கனமான எதையும் தூக்காதிருப்பதும் உடலுறவைத் தவிர்ப்பதும் குறைந்தது ஆறு வாரமாவது வேண்டும் என்பது இதனால்தான். வெளியே தழும்பில்லாத பெண் இந்த ஆறு வாரத்தைக் கணவனிடம் எந்த ஆதாரத்தைக் காட்டிக் கேட்பாள்? ஒப்பீட்டு ஆய்வுகள் 'அழகியல் திருப்தி' என்று ஓர் அட்டவணை வைத்திருக்கின்றன, அதில் தழும்பு சிறுத்ததற்கு மதிப்பெண் உண்டு. தழும்பு சிறுத்ததால் போன ஓய்வுக்கு அட்டவணை இல்லை.

தோள்பட்டை வலியும் அப்படித்தான். லேப்ராஸ்கோப்பிக்குப் பின் பலருக்குத் தோள்பட்டையில் வலிக்கும். உள்ளே செலுத்திய வாயு உதரவிதானத்தை எரிச்சலூட்ட, அந்த நரம்பின் வழியே வலி தோளில் உணரப்படுகிறது. சில நாளில் அடங்கிவிடும். முன்கூட்டிச் சொல்லப்பட்டவளுக்கு இது ஒரு தகவல். சொல்லப்படாதவள் நெஞ்சுவலியோ என்று நடு இரவில் பயந்துகிடக்கிறாள். கேட்டால், 'வயித்துல ஆபரேஷன் பண்ணினதுக்குத் தோள்ல எப்படிம்மா வலிக்கும்?' என்று வீடு சிரிக்கும். பெண் சொல்லும் வலியை நம்பாதிருக்க வீட்டுக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது.

5

வலியை அளக்க ஆய்வுகளில் ஒரு கோடு வரைந்து தருகிறார்கள். ஒரு முனையில் பூஜ்ஜியம், மறுமுனையில் பத்து. உங்கள் வலி எங்கே இருக்கிறது, குறியுங்கள். தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள் என்று மாணவிகளை எழுதச் சொன்னால் கரும்பலகை நிறைந்துவிடும்: கடுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல், இழுப்பு, சுருக், விண்விண், எரிச்சல், கனம். கீழே இழுப்பதும் சுருக்கென்று குத்துவதும் வேறு வேறு செய்திகளைச் சொல்பவை. கோட்டில் இரண்டுமே 'நான்கு' ஆகிவிடலாம். ஒப்பிட எண் வேண்டும் என்பது புரிகிறது. எண்ணாக மாறும்போது தொலைவது எது என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

திருப்தி இன்னும் சிக்கலான சொல். திருப்தி என்பது எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் இடையிலான கணக்கு. கொஞ்சமாக எதிர்பார்க்கப் பழக்கப்பட்டவள் கொஞ்சத்தில் திருப்தி அடைந்துவிடுவாள். 'எப்படிம்மா இருக்கு?' என்று ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் கேட்க, பின்னால் ஐந்தாறு பேர் நிற்க, கட்டிலில் இருப்பவள் 'பரவாயில்லைங்க' என்கிறாள். இந்தச் சொல்லுக்கு நன்றாயிருக்கிறது என்றும் பொருள், மோசமில்லை என்றும் பொருள், இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் பொருள். என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற பொருளும் அதற்கு உண்டு. படிவத்தில் அது 'திருப்தி' என்ற கட்டத்தில் ஒரு டிக்காக விழும். மாதாமாதம் ரத்தப்போக்கில் நனைந்து, இரத்தசோகையில் மூச்சிரைத்துக் கிடந்த பெண்ணுக்கு அது நின்றதே பெரிய விடுதலை. எந்த வழியில் செய்திருந்தாலும் அவள் திருப்தி என்றே சொல்வாள். அந்தத் திருப்தி உண்மையானது. துளைக்கும் கீறலுக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல மட்டும் அதைச் சாட்சியாக இழுக்க முடியாது.

6

திருப்தியையும் விரைந்த மீட்சியையும் நம்பி வழியைத் தேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் இரண்டு சான்றுகள் உள்ளன.

ஒன்று, கருப்பைவாய்ப் புற்று. தொடக்க நிலையில் இருக்கும் புற்றுக்குக் கருப்பையைச் சுற்றுத் திசுக்களோடு அகற்றும் பெரிய அறுவையும் பல ஆண்டுகளாகத் துளை வழிக்கு மாறிவந்தது. காரணம் அதேதான்: ரத்த இழப்பு குறைவு, மருத்துவமனை நாட்கள் குறைவு. 631 பெண்களைக் கொண்டு இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், துளை வழியில் 86 சதவீதம். மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் முறையே 99, 93.8. துளை வழியே தாழ்ந்ததாக இருக்காது என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது. அறுவைக்குப் பின்னான வாழ்க்கைத்தரம் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதும் பின்னர் வெளியானது. விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகக் கிடைத்ததாக நம்பப்பட்ட நன்மையும் அங்கே நிலைக்கவில்லை.

மற்றது, நார்க்கட்டிகள். பெரிய கருப்பையைச் சிறு துளை வழியே வெளியே எடுக்க அதை உள்ளேயே துண்டுதுண்டாக்க வேண்டும். அதற்கான விசைக்கருவி மார்சலேட்டர். நார்க்கட்டி என்று கருதப்பட்டதற்குள் கண்டறியப்படாத புற்று ஒளிந்திருந்தால், அது வயிறெங்கும் சிதறும். பாஸ்டனில் மயக்கவியல் மருத்துவராக இருந்த ஏமி ரீட் 2013-இல் இப்படித்தான் கருப்பை அகற்றப்பட்டார். பின்னர்தான் அது புற்று என்று தெரிந்தது. நோயோடு போராடிக்கொண்டே அவரும் கணவரும் இந்தக் கருவிக்கு எதிராகப் பேசினார்கள். நார்க்கட்டிக்காக அறுவை செய்துகொள்ளும் ஏறத்தாழ 350 பெண்களில் ஒருவருக்கு இப்படிப்பட்ட மறைந்த புற்று இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014-இல் கணித்து, இக்கருவிக்கு எதிராக எச்சரித்தது. ஏமி ரீட் 2017 மே மாதம் இறந்தார். கருவி பல்லாண்டு புழக்கத்தில் இருந்தது. மருத்துவரான ஒரு பெண் தன் உடலையே சாட்சியாக வைத்த பிறகுதான் எச்சரிக்கை வந்தது.

7

துளை வழி அறுவையின் வரலாற்றை ஆண் முன்னோடிகளின் வரிசையாக எழுதுவது வழக்கம். இந்தியாவில் 1990-இல் மும்பையில் டெஹெம்டன் உத்வாடியா செய்த பித்தப்பை அறுவையிலிருந்து கதை தொடங்கும். ஆனால் இந்தத் தொழில்நுட்பம் பெருமளவில் பழகிக்கொண்டது பெண்களின் அடிவயிற்றில். ஆங்கிலத்தில் இதற்கான முதல் பாடநூலை 1967-இல் எழுதிய பேட்ரிக் ஸ்டெப்டோ மகளிர் மருத்துவர். 1980-இல் லேப்ராஸ்கோப்பி வழியே குடல்வாலை அகற்றிய ஜெர்மானியர் கர்ட் செம்மும் மகளிர் மருத்துவரே. நம் நாட்டில் பித்தப்பைக்கு முன்பே கேமராக் குழாய் கிராமத்துக்குப் போய்விட்டது, கருத்தடை முகாம்களின் வழியாக.

அந்த முகாம்களில் துளை வழியின் வேகம் யாருக்குப் பயன்பட்டது என்பதற்கு 2014 நவம்பரே சாட்சி. சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே நாளில் ஒரே மருத்துவர் 83 பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பி வழியில் கருத்தடை செய்தார். அம்முகாமிலும் அதையொட்டி நடந்த முகாமிலுமாகப் 13 பெண்கள் இறந்தார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாண்டுக்குள் முகாம்களை நிறுத்தச் சொன்னது. விரைந்த அறுவை, சிறிய காயம், அன்றே வீட்டுக்கு என்று ஒப்பீட்டு அட்டவணையில் நன்மையாக நிற்கும் மூன்றும் அங்கே இலக்கை எட்டும் வசதிகளாயின.

ஒப்பீடுகள் எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு கேள்வி நிற்கிறது: எடுக்கத்தான் வேண்டுமா? 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் நூற்றில் மூவருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஆந்திரத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு. அகற்றப்பட்ட இடைநிலை வயது 34. மூன்றில் இரு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தன. மாத்திரை, ஹார்மோன் பொருத்திய காப்பர்-டி போன்ற கருவி, நார்க்கட்டியை மட்டும் அகற்றுதல் என்று வேறு வழிகள் இருக்கும் பல நிலைகளில், அவை சொல்லப்படுவதற்கு முன்பே 'ஓப்பனா, ஹோலா' என்று தேர்வு சுருங்கிவிடுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டதால் தானே தேர்ந்ததாகப் பெண்ணுக்கும் தோன்றுகிறது. அதிலும் பிறகு அவள் திருப்தி என்றே பதிவாகிறாள்.

மாணவிகள் இதை வாசித்தால், அம்மாவுக்கோ அத்தைக்கோ தமக்கோ அப்படி ஒரு நாள் வரும்போது கேட்க வேண்டியவற்றை இப்போதே எழுதிவைத்துக்கொள்ளலாம். எடுக்காமல் சரிசெய்ய வழி என்ன? எடுத்தால், கீழ் வழியாக முடியுமா, முடியாதென்றால் ஏன்? துண்டாக்கி எடுப்பீர்களா? சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா? நீங்கள் இந்த வழியில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எத்தனை வாரம் எதையும் தூக்கக் கூடாது? கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் மருத்துவரின் கையெழுத்தில், தமிழில், வீட்டில் எல்லோரும் படிக்கும்படி எழுதி வாங்க வேண்டும். அந்தக் காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தால் இன்னும் நல்லது.